குழிக்குப் பசிக்கிறது

அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது மின்கட்டண ரசீதில் மட்டும் வரும். மற்றபடி எல்லோருக்கும் அவர் 'போதும் சார்'. பொதுக்குழாயில் யாராவது வாளியை வைத்தால் பாதி நிறைவதற்குள் "போதும்" என்பார். மாடிப்படி விளக்கு எரிந்தால் "போதும்" என்று அணைப்பார். கூட்டத்தில் எவராவது வாயைத் திறந்தால், விஷயம் வெளியே வருவதற்கு முன்பே "போதும், உட்காருங்க" என்று சொல்லிவிடுவார். ஒரு பெண்குழந்தை பிறந்த கையோடு மனைவியிடமும் அதையே சொன்னார். அந்தப் பெண்குழந்தை இப்போது விமானம் ஏறிப் போகவேண்டிய தூரத்தில் குடும்பம் நடத்துகிறாள்.

அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் வீட்டுத் தலைகளை எண்ணியவருக்கு உலகமே தலைகளாகத் தெரிந்ததில் ஆச்சரியம் என்ன? ஊரில் தண்ணீர் லாரிக்கு வரிசை. கேஸ் சிலிண்டருக்கு அதைவிட நீளமான வரிசை. கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்பது அதை அனுப்புகிறவர்களுக்கே தெரியாது. இதற்கெல்லாம் யார் காரணம் என்று கேட்டால் சிலர் அரசாங்கம் என்பார்கள், சிலர் மழை என்பார்கள். போதும் சார் எதிர்வீட்டைப் பார்த்துக் கையை நீட்டுவார்.

எதிர்வீடு என்றால் தரைத்தளத்தில் அவர் வாசலுக்கு நேர் எதிரே உள்ள வீடு. பட்டாளத்து வீடு என்று பெயர். அங்கே யாரும் பட்டாளத்தில் இல்லை, வீடே பட்டாளம். குடும்பத் தலைவர் பஸ் டிரைவர். அவர், அவர் மனைவி, நாலு பிள்ளைகள். டிரைவரின் தம்பியான ஒரு தையற்காரர், அவர் மனைவி, அவர்களுடைய இரட்டைப் பயல்கள். போதாக்குறைக்கு டிரைவர் மனைவியின் தங்கை, ஷிப்ட் மாற்றி ஷிப்ட் போகும் நர்ஸ். ஆக மொத்தம் பதினோரு பேர். இரண்டு படுக்கையறை, ஒரு குளியலறை. கதவைத் திறந்தால் செருப்புகள் முதலில் வெளியே வரும், அப்புறம்தான் ஆட்கள்.

ஒரு வீட்டில் ஆறு பேருக்குமேல் இருக்கக்கூடாது என்று சங்க விதியில் ஒரு வரி இருந்தது. இருபது வருடமாக அது தூங்கிக்கொண்டிருந்தது. போதும் சார் அதைத் தட்டி எழுப்பினார். மாதக் கடைசிக்குள் மிச்சப் பேர் வெளியேற வேண்டும் என்று தீர்மானம் போட்டு, தானே போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

எல்லோரும் பட்டாளத்தம்மா என்று கூப்பிடும் டிரைவரின் மனைவி இடுப்பில் இரட்டையரில் ஒருவனை வைத்துக்கொண்டு கேட்டாள்:

"மிச்சப் பேருன்னா யாரு சார்? நீங்களே கை காட்டிடுங்க. எங்களுக்குப் பாத்தா யாருமே மிச்சமாத் தெரியல."

"அது உங்க பாடும்மா. தண்ணி பத்தலியா இல்லியா?"

"பத்தலதான்."

"அப்ப?"

"அப்ப நாங்க பிரிஞ்செல்லாம் போக மாட்டோம் சார். போனா மொத்தமாப் போறோம்."

சண்டை வரும் என்று பத்துப் பதில்களைத் தயாராக வைத்திருந்த செயலாளருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஊருக்கு வெளியே எங்கேயோ ஒரு வீடு பார்த்தார்கள். கடைசி ஞாயிற்றுக்கிழமைக்கு வண்டியும் சொல்லிவிட்டார்கள். போதும் சார் வீட்டுக்கு வந்து, ஒரு பெரிய பாரத்தை இறக்கி வைத்தவர்போல நாற்காலியில் சாய்ந்து, மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார்.

அந்த அம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். காலையில் கணவருக்கு டிபன் வைத்துவிட்டு எதிர்வீட்டுக்குப் போனால் மதியம் வருவார். மதியம் சாப்பாடு போட்டுவிட்டுப் போனால் சாயங்காலம் வருவார். எதிர்வீட்டுப் பிள்ளைகளுக்குத் தலை வாரிவிடுவதிலிருந்து தையற்காரருக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பதுவரை அங்கே அவருக்கு நூறு வேலை. சொந்த வீட்டில் இரண்டு தட்டு, இரண்டு டம்ளர்.

"அவங்க போனா நானும் மக வீட்டுக்குப் போயிடறேன்," என்றார், கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"எத்தனை நாளைக்கு?"

"அவ போகச் சொல்ற வரைக்கும்."

"என்ன பேச்சு இது?"

"பேச ஆளில்லாத வீட்டுல உக்காந்து நான் என்ன பண்ண?"

"ஏன், நான் இருக்கேன்ல?"

"அதத்தான் சொல்றேன்," என்றார் அம்மாள்.

செயலாளர் இதைத் தமாஷ் என்று எடுத்துக்கொண்டார். மறுநாள் பரண்மேலிருந்து பெரிய பெட்டி கீழே இறங்கியபோதும், அதைத் துடைத்து வெயிலில் வைத்தபோதும், அது தமாஷின் தொடர்ச்சிதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆனால் அந்தப் பெட்டியைக் கடந்து போகும்போதெல்லாம் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

அதைப் பற்றி நின்று யோசிக்க அவருக்கு நேரமில்லை. வாழ்க்கையின் மாபெரும் காரியம் ஒன்று கொல்லைப்புறத்தில் நடந்துகொண்டிருந்தது. சாண எரிவாயுபோல, ஆனால் சாணம் இல்லாமல், குடியிருப்பின் சமையலறைக் கழிவையும் கழிப்பறைக் கழிவையும் ஒரே குழியில் விட்டு, அதிலிருந்து வரும் வாயுவைக் குழாய் வழியாக வீடுகளுக்கே திருப்பி அனுப்பும் திட்டம். நகராட்சி சோதனைக்காக ஒரே ஒரு குடியிருப்பைத் தேர்ந்தெடுத்தது. அது தங்கள் குடியிருப்பாக இருக்க வேண்டும் என்பதற்காகச் செயலாளர் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிச் செருப்பைத் தேய்த்தார். இனி சிலிண்டர் வரிசை இல்லை, புகை இல்லை. குப்பை லாரிக்குக் காத்திருக்கவும் வேண்டாம். நல்ல காரியம்தான், அதில் அவருக்கு வெறும் பெருமை மட்டுமல்ல, நிஜமான அக்கறையும் இருந்தது. இந்தப் பூமி இத்தனை பேரைத் தாங்காது என்று மனதார பயந்த மனிதர் அவர்.

குழியைக் கட்டியவள் ஒரு இளம் பொறியாளர். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், காதில் பென்சில். திட்டத்தை விளக்க அவள் கூட்டம் போட்டபோது தெளிவாகத்தான் சொன்னாள்:

"குழிக்குள்ள இருக்கறது மெஷின் இல்லைங்க, உயிரு. கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான நுண்ணுயிர். நாம போடறத அது தின்னு, கேஸ் விடும். நம்ம வயிறு மாதிரின்னு வச்சுக்கோங்க. தோல் போடலாம், மிச்சச் சோறு போடலாம், பாத்ரூம்லேர்ந்து வர்றது வரலாம். ஆனா பினாயில், ஆசிட், ப்ளீச்சிங் பவுடர் மட்டும் ஊத்திடாதீங்க. ஒரேயடியாச் செத்துடும்."

எல்லோரும் கேட்டார்கள். இரண்டாவது வரிசையில் பட்டாளத்தம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த செயலாளரின் மனைவியும் கேட்டார். செயலாளர் மட்டும் கேட்கவில்லை. அவர் மேடை ஓரத்தில், திறப்பு விழாவுக்கு வரப்போகும் நகராட்சி ஆணையரை எப்படி வரவேற்பது என்று உரை எழுதிக்கொண்டிருந்தார். 'மக்கள்தொகைப் பெருக்கமே மனித குலத்தின்' என்பதுவரை வந்திருந்தது. மனித குலத்தின் என்ன என்பதில் மாட்டிக்கொண்டு நின்றார்.

முதல் சோதனை அவர் வீட்டு அடுப்பில் நடந்தது. பொறியாளர் குழாயைத் திருகி லைட்டரைத் தட்டினாள். பொக்கென்று நீல ஜுவாலை எழுந்தது. செயலாளருக்குத் தலைகால் புரியவில்லை. அக்கம்பக்கம் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார், எதிர்வீட்டைத் தவிர. எதிர்வீட்டுக்காரர்கள் கூப்பிடாமலேயே வந்து நின்றார்கள்.

எல்லாம் நன்றாகத்தான் இருந்திருக்கும், மூக்கு இல்லாதிருந்தால். செயலாளருக்கு மூக்கு கொஞ்சம் கூர்மை. ஆணையர் வரும் நாளில் கொல்லைப்புறத்திலிருந்து லேசாக ஒரு வாடை வந்துவிட்டால்? கழிப்பறைத் திட்டம் என்று யாராவது மூக்கைப் பொத்திவிட்டால்? விழாவுக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கும்போதே அவர் செயலில் இறங்கினார். மொத்த வியாபாரியிடமிருந்து பினாயில் வந்து இறங்கியது. வீட்டுக்கு ஒரு பாட்டில். எல்லோரும் ஒரே காலையில், எல்லாக் கழிப்பறையிலும், எல்லாச் சாக்கடை வாயிலும் ஊற்ற வேண்டும் என்பது உத்தரவு.

"ஏங்க," என்றார் மனைவி. "அந்தப் பொண்ணு ஏதோ ஊத்தக் கூடாதுன்னு..."

"போதும். சுத்தத்தப் பத்தி எனக்கே பாடமா? இந்தக் கூடையப் பிடி, வீடு வீடாக் குடுத்துட்டு வா."

அம்மாள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கூடையை எடுத்துக்கொண்டு படியேறினார். முப்பது வருடத்துக்குமேல் அந்த அம்மாளோடு குடித்தனம் செய்த செயலாளர் அந்தப் பார்வையைக் கொஞ்சம் கவனித்திருக்கலாம். அவர் அப்போது தன் வீட்டுக் கழிப்பறையில் பாட்டிலைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

செயலாளர் சொன்னால் தட்ட மாட்டார்கள். தட்டினால் அவர் பேசுவதைக் கேட்க வேண்டியிருக்கும். எல்லோரும் ஊற்றினார்கள். குடியிருப்பே சாயங்காலம்வரை கமகமத்தது. இரண்டு நாளில் அவர் வீட்டு அடுப்பில் நீலம் வெளிறியது. மூன்றாம் நாள் லைட்டரைத் தட்டினால் டிக் டிக் என்று சத்தம் மட்டும் வந்தது.

பொறியாளர் ஓடி வந்து குழியின் மூடியைத் திறந்தாள். ஆஸ்பத்திரி வாசனை அடித்தது. அவள் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"யாரு சார் இதுல பினாயில் ஊத்தினது?"

"எல்லாரும்தான்மா."

"எல்லாருமா? யாரு சொல்லி?"

"சங்கம்."

"சங்கம்னா யாரு?"

"சங்கம்னா... செயலாளர்."

"செயலாளர் நீங்கதானே சார்?"

போதும் சார் முகத்தில் ஈயாடவில்லை. கொல்லைச் சுவரில் ஒரு எறும்பு ஏறுவதை மிக உன்னிப்பாகக் கவனித்தார்.

ஆணையர் வரும் நாளில் அடுப்பு எரியவில்லை என்றால் குழாய்களைக் கழற்றி அடுத்த குடியிருப்புக்குக் கொண்டு போய்விடுவார்கள் என்றாள் பொறியாளர். அடுத்த குடியிருப்பு என்றால் எந்தச் செயலாளர் என்று போதும் சாருக்குத் தெரியும். அந்த ஆள் தினமும் காலை நடையில் எதிர்ப்படுவார், எதிர்ப்பட்டால் சிரிப்பார்.

"ஏதாவது வழி இருக்காம்மா?"

"எங்கியாவது கொஞ்சம் உயிரு மிச்சம் இருந்தாப் பாக்கலாம். ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு சின்னத் தொட்டி வச்சிருக்கேன். அத ஒவ்வொண்ணாத் திறப்போம்."

மாடி வீடுகளின் தொட்டிகள் திறந்தன. ஆஸ்பத்திரி. செயலாளர் வீட்டுத் தொட்டி திறந்தது. அது ஆஸ்பத்திரியின் தலைமையகம். கடைசியாக எதிர்வீட்டுத் தொட்டி. மூடியைத் தூக்கியதும் செயலாளர் மூன்றடி பின்னால் தாவினார். பொறியாளரோ முகத்தை உள்ளே நீட்டி, பிள்ளை பிறந்த வீட்டில் கேட்கும் குரலில் கத்தினாள்.

"சார்! உயிரோட இருக்கு சார்! குமிழ் விடுது பாருங்க!"

குபுக், குபுக் என்று அது பொங்கிக்கொண்டிருந்தது.

"நீங்க ஊத்தலியாம்மா?" என்று கேட்டார் செயலாளர், அதட்டுவதா வேண்டாமா என்று தெரியாத குரலில்.

பட்டாளத்தம்மா வாசலில் நின்றாள். அவளுக்குப் பின்னால் செயலாளரின் மனைவியும் நின்றார்.

"ஊத்தலாம்னுதான் சார் இருந்தேன். எங்க பாத்ரூம் காலியா இருந்தாத்தானே ஊத்த? ஒருத்தர் வந்தா ஒருத்தர் உள்ள போயிடறாங்க. மூடி கூடத் திறக்கல, பாட்டில் அப்படியே இருக்கு."

பொறியாளர் திட்டம் சொன்னாள். பெரிய குழியைக் காலி செய்து அலசி, இந்தத் தொட்டியிலிருந்து எடுத்து, பாலுக்கு உறை ஊற்றுவதுபோல அதில் ஊற்ற வேண்டும். ஆனால் உறை ஊற்றினால் மட்டும் ஆகாது. குழிக்குப் பசிக்கும். மாடியில் இருப்பவர்கள் எல்லாம் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள்; காலையில் கிளம்பினால் இருட்டித்தான் வருகிறார்கள்; பாதிப் பேர் சாப்பாட்டையே வெளியிலிருந்து வரவழைக்கிறார்கள். மருந்து வாடை முழுக்கப் போகும்வரை அந்தக் குழாய்களைத் திறக்கவும் முடியாது, பழைய சாக்கடைக்கே திருப்பிவிட வேண்டியதுதான்.

"அதனால விழா வரைக்கும் இந்த ஒரு வீட்டுக் குழாய்தான் சார். இந்த வீட்டுல ஆள் குறையக் கூடாது. கூடினா ரொம்ப நல்லது."

"ஞாயித்துக்கிழமை அவங்க காலி பண்றாங்களேம்மா."

"யாரு சொல்லி?"

செயலாளர் மறுபடியும் எறும்பைத் தேடினார்.

அன்று மாலை அவர் நாலு முறை எதிர்வீட்டு வாசல்வரை போய்த் திரும்பினார். முதல்முறை கதவு மணி வேலை செய்கிறதா என்று பார்க்க வந்ததாகச் சொன்னார். இரண்டாம் முறை கரண்ட் இருக்கிறதா என்று கேட்டார். மூன்றாம் முறை யாரும் கதவைத் திறப்பதற்குள் ஓடிவந்துவிட்டார். நாலாம் முறை பட்டாளத்தம்மா கதவைத் திறந்து வைத்துக்கொண்டே நின்றாள். கூடத்தில் கட்டி வைத்த மூட்டைகள்மேல் பிள்ளைகள் ஏறி உட்கார்ந்திருந்தன.

"உள்ள வாங்க சார். நின்னுக்கிட்டே எத்தன தடவ வருவீங்க?"

வந்தார். உட்கார இடம் கிடைக்காமல் ஒரு மூட்டையின்மேல் உட்கார்ந்தார்.

"நீங்க காலி பண்ண வேணாம்."

"ஏன் சார்? விதி இருக்கே?"

"விதி இருக்கு. ஆனா பொதுநலம்னு ஒண்ணு இருக்குல்ல?"

"இருக்கும் சார். எங்களால பொதுநலத்துக்கு என்ன ஆகப்போகுது? பதினோரு பேர், தண்ணியத்தான் குடிச்சுத் தீக்கறோம்."

விஷயம் அவளுக்கு முழுக்கத் தெரியும் என்பது அவள் முகத்திலேயே எழுதியிருந்தது. தையற்காரர் தையல் மிஷினுக்குப் பின்னால் குனிந்துகொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். நர்ஸ் தங்கை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். ஆனாலும் அவர் வாயாலேயே வரவேண்டும் என்று அந்த வீடு காத்திருந்தது.

"குழிக்கு..." என்றார் போதும் சார்.

"குழிக்கு?"

"வேணும்."

"என்ன வேணும் சார்?"

அவர் இருபக்கமும் பார்த்தார். ஓடவும் வழியில்லை. இரட்டையர்களில் ஒருவன் மூட்டைமேலிருந்து மிகத் தெளிவாக, ஒரே வார்த்தையில் பதிலைச் சொன்னான். கூடமே வெடித்தது. டிரைவர் தூக்கத்திலிருந்து எழுந்து வந்து என்ன ஆச்சு என்று கேட்டார். சொன்னதும் அவரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். செயலாளர் அசடு வழிய உட்கார்ந்திருந்தார். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் தன்னைச் சுற்றி இத்தனை பேர் சிரித்து எத்தனை வருடம் ஆகிறது என்று அவர் மனது ஒரு ஓரத்தில் கணக்குப் போட்டது.

"சரி, இருக்கோம்," என்றாள் பட்டாளத்தம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஆனா ரெண்டு விஷயம். அந்த ஆறு பேர் விதிய எடுக்கணும்."

"எடுத்துடலாம்."

"அடுத்தது, ஆள் கூடினா நல்லதுன்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சு. என் தம்பி குடும்பம் வந்து தங்கறேன்னு ரொம்ப நாளாக் கேக்குது. உங்களுக்குப் பயந்துதான் வேணாம்னு வச்சிருந்தேன். நான் கூப்பிட்டா இப்ப நம்பாது. நீங்களே கூப்பிடுங்க."

ஃபோனை அவர் கையில் திணித்துவிட்டாள். மறுமுனையில் ஒரு ஆண்குரல்.

"ஹலோ, நான் உங்க அக்கா வீட்டுக்கு எதிர்வீட்டுலேர்ந்து, சங்கச் செயலாளர் பேசறேன்."

"ஐயையோ! அக்காகூட ஏதாவது தகராறா சார்? தெரியாம பண்ணியிருப்பாங்க சார், மன்னிச்சுடுங்க!"

"இல்லப்பா, இல்ல. நீங்க... வாங்க."

"போலீஸ் ஸ்டேஷனுக்கா சார்?"

"இங்கப்பா! குடும்பத்தோட வாங்க. குழந்தைங்களையும் கூட்டிட்டு வாங்க. வந்து தங்குங்க. நல்லாச் சாப்பிடுங்க. எத்தன நாள் வேணும்னாலும் இருங்க. நானே சொல்றேன்ல, வாங்க!"

அந்தக் குரல் தயங்கித் தயங்கி, அக்காவுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்று கேட்டது.

தம்பி குடும்பம் ஐந்து பேராக வந்து இறங்கியது. பினாயில் நாற்றம் முழுக்கப் போகும்வரை, பழைய சாக்கடையோடு இணைப்பில்லாத செயலாளர் வீட்டுக் குழாய் அடைத்தே இருந்ததால், அவரும் மனைவியும் சாப்பாட்டுக்கும் அதன்பின் வரும் காரியத்துக்கும் எதிர்வீட்டையே நம்பவேண்டியதாயிற்று. காலையில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, நர்ஸுக்குப் பின்னால், இரட்டையர்களுக்கு முன்னால், போதும் சார் வரிசையில் நின்றார். ஊருக்கே வரிசை ஒழுங்கு கற்றுக்கொடுத்தவரை ஒரு ஐந்து வயதுப் பயல் "தாத்தா, எனக்கு அவசரம்" என்று சொல்லித் தாண்டிப் போனான். ஒருநாள் அவரே "எனக்கும்தான்டா" என்றார். அதற்கும் வீடு சிரித்தது.

வரிசையில் நிற்பவனுக்குப் பார்க்க நேரம் நிறைய உண்டு. அந்த வீட்டில் அரிசி களைந்த தண்ணீர் பாத்திரத்துக்குப் போயிற்று. குளித்த தண்ணீர் ஒரு டிரம்மில் சேர்ந்தது, கழிப்பறைக்கு அதுதான். தன் வீட்டு வாசற்படியைத் தினம் இரண்டு வேளை ஹோஸ் பிடித்துக் கழுவிக்கொண்டிருந்தவர் அந்த டிரம்மைப் பார்த்தார். இரண்டாம் நாளும் பார்த்தார். மூன்றாம் நாளிலிருந்து வாசற்படி விளக்குமாற்றோடு நிறுத்திக்கொண்டது. அதற்காக அவர் கொள்கை மாறிவிட்டது என்று நினைக்க வேண்டாம். பூமி சின்னது, ஆட்கள் அதிகம் என்பதில் அவருக்கு இன்றுவரை சந்தேகம் இல்லை. அந்த அதிகத்தில் தானும் ஒரு ஆள் என்பது மட்டும் இப்போதுதான் உறைத்தது.

இத்தனைக்கும் நடுவில் பெட்டி மட்டும் அவர் வீட்டுக் கட்டிலின்மேலேயே இருந்தது. புடவைகள் மடித்து உள்ளே போய்விட்டன. போகப்போகிறாயா என்று கேட்க அவருக்கு நாக்கு எழவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே.

பெரிய குழியில் உறை ஊற்றினார்கள். சிலநாள் ஒன்றுமில்லை. பிறகு ஒரு குமிழ், அப்புறம் பத்து. ஆணையர் வந்த அன்று செயலாளரின் சமையலறையில் நிற்க இடமில்லை. பொறியாளர் கண்ணை மூடிக்கொண்டு லைட்டரைத் தட்டினாள். பொக்கென்று எழுந்தது நீலம், முன்னைவிட உயரமாக. எதிர்வீட்டுப் பிள்ளைகள் விசிலடித்தன. அது தங்கள் வீட்டுச் சொத்து என்பதுபோலத்தான், அதில் பொய்யும் இல்லை.

"இந்த வெற்றிக்கு முக்கியக் காரணம் என்னன்னு சொல்லுங்க சார்," என்றார் ஆணையர்.

செயலாளர் சட்டைப்பையிலிருந்து உரையை எடுத்தார். முதல் வரியைப் பார்த்தார். மடித்து மறுபடியும் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"எதிர்வீடுங்க," என்றார்.

ஆணையருக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்ததுபோலத் தலையாட்டிவிட்டு டீ குடித்தார்.

எல்லோரும் போனபின் செயலாளர் படுக்கையறைக்கு வந்தார். மனைவி பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். செயலாளருக்குப் பகீரென்றது.

"அவங்கதான் போகலியே," என்றார்.

"அதான் எடுத்து வைக்கிறேன்," என்றார் அம்மாள். புடவைகள் ஒவ்வொன்றாகப் பெட்டியிலிருந்து பீரோவுக்குப் போய்க்கொண்டிருந்தன.

செயலாளர் கட்டிலில் உட்கார்ந்தார். பல நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டார்.

"பினாயில் ஊத்தினா குழி செத்துடும்னு உனக்குத் தெரியும்ல?"

"சொல்ல வந்தேன். போதும்னீங்க."

"எல்லார் வீட்டுக்கும் குடுத்தியே?"

"நீங்க குடுக்கச் சொன்னீங்க, குடுத்தேன்."

"எதிர்வீட்டுக்கு?"

"அவளுக்கும் குடுத்தேன். ஊத்தாதடின்னு சொல்லிட்டுக் குடுத்தேன்." அம்மாளின் உதட்டோரத்தில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. "பாத்ரூம் காலியாவே இல்லன்னு சொன்னாள்ல, அது அவளா யோசிச்சது. கெட்டிக்காரி."

"அடிப்பாவி! குழி மொத்தமாப் போயிருந்தா?"

"போயிருந்தா அவங்களும் போயிருப்பாங்க, நானும் போயிருப்பேன்." கையிலிருந்த புடவையை மடித்தார்; மடித்ததை மறுபடி பிரித்தார். சிரிப்பு போய்விட்டது. "நமக்குக் கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நீங்க ஒருத்தரப் போகச் சொல்லித்தான் கேட்டிருக்கேன். என் தங்கச்சி வந்து ரெண்டு நாள் சேத்துத் தங்கினா உங்க முகம் மாறிடும். அன்னிக்கு ஃபோன்ல, குடும்பத்தோட வாங்க, எத்தன நாள் வேணும்னாலும் இருங்கன்னு கெஞ்சினீங்கள்ல? கதவுக்குப் பின்னால நின்னு கேட்டேன். ரெண்டாவதா ஒண்ணு வரட்டுமேன்னு நான் கேட்டப்ப இந்தக் குரல எங்க வச்சிருந்தீங்க?"

போதும் சாருக்குப் புள்ளிவிவரம் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. வாழ்நாள் முழுக்க அலுவலகத்தில் மனப்பாடமாகச் சொன்ன வரிகளில் ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை. தப்புப் பண்ணிவிட்டேனா என்று அவரால் கேட்க முடியவில்லை, அழுகைதான் வந்தது. அதை மறைக்க அவர் இருமினார். அம்மாள் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

அப்போது வாசல் கதவு தடதடவென்று இடிபட்டது. செயலாளர் எழுந்துபோய்த் திறந்தார். இரட்டையர்கள் இருவரும், கூட வந்திருந்த பட்டாளத்தம்மாவின் தம்பி மகளும், காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றார்கள்.

"எங்க பாத்ரூம்ல ஆள் இருக்கு தாத்தா. உங்க குழாயத் திறந்துட்டாங்களாமே?"

அவர் கதவை முழுக்கத் திறந்து ஒதுங்கி நின்றார். மூன்றும் செருப்போடு உள்ளே ஓடின.

"மெதுவா, மெதுவா," என்றார் அவர். "அவசரமில்லடா கண்ணுங்களா. இருந்துட்டே போங்க."

உள்ளே அம்மாள் காலிப் பெட்டியைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.